காத்து நிக்குது… டயர் நிக்குமா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்ததைப் பார்த்து, நானும் ஏதாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முதலில் கவிதைதான் முயற்சி செய்தேன். நாலு வரியில் நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்தது டயர்தான். அதனால் டயரைப் பற்றியே எழுதுகிறேன். சிவில், கம்ப்யூட்டர், ஈ.சி.இ. நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இன்றைக்கு உங்களுக்குக் கார் இல்லாவிட்டாலும், நாளைக்கு யாரோ ஒருவருடைய காரில் குடும்பத்தோடு உட்கார்ந்து போகத்தான் போகிறீர்கள்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல் ஆள். அப்பா மாந்தோப்பில் கூலி வேலை. அம்மாவின் தம்பி, என் மாமா, தர்மபுரியில் வாடகைக் கார் ஓட்டுகிறார். பழைய டிசையர் ஒன்றை லோன் போட்டு வாங்கியிருக்கிறார். என்னை ஆட்டோமொபைல் டிப்ளமோவில் சேர்த்துவிட்டது அவர். என் ஃபீஸில் பாதி அவர் கட்டுவது. காரைப் பற்றி நான் ஏதாவது சொன்னால், "மாப்ள, நீ ரெண்டு வருஷமா புஸ்தகத்துல பார்க்கிறே, நான் பதினெட்டு வருஷமா ரோட்டுல பார்க்கிறேன்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

2024 அக்டோபரில் ஒரு நாள் ராத்திரி, பாலக்கோட்டில் இருந்து வரும்போது நல்ல மழை. ரோட்டில் தண்ணீர் நின்றிருந்த இடத்தில் பள்ளம் இருந்தது தெரியவில்லை. இடது முன் சக்கரம் 'டமார்' என்று இறங்கி ஏறியிருக்கிறது. மாமா இறங்கிப் பார்த்தார். காத்து இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் சாயந்திரம் வண்டியைக் கழுவும்போதுதான் நான் பார்த்தேன், அந்த டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி ஒட்டிவைத்த மாதிரி ஒரு வீக்கம்.

அடுத்த நாள் விடியற்காலை நாலு மணிக்கு சேலத்துக்கு ஒரு கல்யாண வாடகை. அஞ்சு பேர். வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம். அந்த இறக்கத்தைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மாமா முதலில் போனது பஞ்சர் கடைக்கு. அந்தப் பெரியவர் அம்பாசடர் காலத்தில் இருந்து டயர் கழட்டுகிறவர். கையால் அமுக்கிப் பார்த்தார். "காத்து நிக்குது இல்ல? ஒண்ணும் ஆகாது. பின்னாடி மாத்திப் போட்டுக்கோ. காத்தை நாலு பாயின்ட் குறைச்சுக்கோ. ரொம்ப பயமா இருந்தா உள்ள ஒரு டியூப் போட்டுத் தர்றேன்" என்றார். ஐந்நூறு, அறுநூறு ரூபாயில் முடிகிற காரியம். மாமாவுக்கும் அதுதான் பிடித்திருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் என்னைப் பார்த்து, "ஏன்டா மாப்ள, நீ என்னடா சொல்றே? நீதான் படிச்சவன்" என்று கேட்டார். அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சந்தோஷத்தில் இல்லை, பயத்தில். டயரை மாற்று என்று சொல்லி அது வீண் செலவாகப் போய்விட்டால்? போகட்டும் என்று சொல்லி ஏதாவது ஆகிவிட்டால்?

சரி, பாடத்துக்கு வருவோம்.

டயர் என்றால் ரப்பர் என்றுதான் நாம் எல்லாரும் நினைக்கிறோம். உண்மையில் பாரத்தைத் தாங்குவது ரப்பர் இல்லை. உள்ளே இருக்கிற நூல்தான். கார் டயரில் ஒரு ஓரத்தில் இருந்து இன்னொரு ஓரத்துக்குப் பாலியஸ்டர் நூல்கள் நெருக்கமாக ஓடுகின்றன. ரிம்மில் உட்காருகிற ஓரத்தில் இரும்புக் கம்பி வளையம் இருக்கும், அதுதான் பீடு. ரோட்டில் படுகிற பாகத்துக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் சுற்றியிருக்கும். இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து, தண்ணீர் போகாமல் மூடிவைப்பதுதான் வெளி ரப்பரின் வேலை. உட்புறத்தில் காத்து வெளியேறாமல் இருக்க தனியாக ஒரு ரப்பர் படலம் உண்டு. டியூப்லெஸ் டயரில் டியூப் செய்த வேலையை இந்தப் படலம் செய்கிறது.

அதாவது காத்தைப் பிடித்துவைப்பது ஒன்று, பாரத்தைத் தாங்குவது இன்னொன்று. காத்து நிற்கிறது என்றால் உள் படலம் கிழியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். நூல் அறுந்ததா இல்லையா என்பதை அது சொல்லாது.

பள்ளத்தில் வேகமாக இறங்கும்போது என்ன நடக்கிறது என்றால், பள்ளத்தின் விளிம்புக்கும் இரும்பு ரிம்முக்கும் நடுவில் டயரின் பக்கவாட்டுப் பாகம் கத்தரியில் மாட்டியது போல நசுங்குகிறது. ரப்பர் இழுபடும், திரும்பி வந்துவிடும். நூல் அவ்வளவு இழுபடாது, அறுந்துவிடும். அறுந்த இடத்தில் உள்ளே இருக்கிற காத்து வெறும் ரப்பரை வெளியே தள்ளுகிறது. அதுதான் வீக்கம்.

நான் ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாமா வைக்கிற காத்து 33 பி.எஸ்.ஐ. அதைச் சதுர சென்டிமீட்டருக்கு மாற்றினால் சுமார் 2.3 கிலோ. வீக்கம் 3 சென்டிமீட்டர் அகலம், 4 சென்டிமீட்டர் நீளம், அதாவது 12 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் 27 கிலோவுக்கு மேல். அரை மூட்டை சிமென்ட்டுக்கும் அதிகமான பாரம், நூல் இல்லாத சில மில்லிமீட்டர் ரப்பர் மேல் ராத்திரி பகலாக உட்கார்ந்திருக்கிறது. வண்டி நிற்கும்போதே இப்படி. ஓடும்போது?

டிசையர் டயரின் அளவு 165/80 ஆர் 14. டயரின் மேலேயே இது அச்சாகியிருக்கும். 165 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது அந்த அகலத்தில் பக்கவாட்டு உயரம் எத்தனை சதவீதம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 14 என்பது அங்குலத்தில் ரிம் விட்டம். இதை வைத்துக் கணக்குப் போட்டால் டயரின் மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ., சுற்றளவு 1.95 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 500 சுற்றுக்கு மேல். 80 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 680 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அந்த வீக்கம் ஒரு தடவை மடங்கி விரிகிறது. தர்மபுரியில் இருந்து சேலம் சுமார் 65 கிலோமீட்டர். அதற்குள் முப்பதாயிரம் தடவைக்கு மேல் மடங்கி விரிய வேண்டும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும் என்று ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பில் படித்தோமே, அந்த ஃபெடிக் இங்கேயும் உண்டு.

இப்போது பஞ்சர் கடைப் பெரியவர் சொன்னதைப் பாருங்கள். காத்தைக் குறைத்தால் டயர் இன்னும் அதிகமாக மடங்கும், இன்னும் சூடாகும். அறுந்த நூலின் பக்கத்தில் இருக்கிற நூல்களுக்கும் பாரம் கூடும். உள்ளே டியூப் போட்டால் அறுந்த நூல் ஒட்டிக்கொள்ளப் போவதில்லை. காத்தை இன்னொரு பையில் அடைக்கிறோம், அவ்வளவுதான். பின்னால் மாற்றிப் போட்டாலும் டயர் வெடித்தால் வெடித்ததுதான். பின் சக்கரம் போனால் வண்டியைப் பிடிப்பது இன்னும் கஷ்டம்.

அந்தப் பெரியவரை நான் குறை சொல்லவில்லை. அவர் கை பழகியது டியூப் போட்ட கிராஸ் பிளை டயரில். அதில் நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக நாலு, ஆறு என்று பக்கவாட்டிலும் ஓடும். ஒரு அடுக்கு போனாலும் மிச்சம் தாங்கும். பிரான்ஸின் மிஷெலின் கம்பெனி 1946-ல் பேட்டன்ட் பதிவு செய்த ரேடியல் டயர் வேறு மாதிரி. கார் ரேடியலில் பக்கவாட்டில் பெரும்பாலும் ஒரே அடுக்குதான், சிலவற்றில் இரண்டு. அதனால்தான் அது நன்றாக வளைந்து கொடுக்கிறது, குலுக்கல் குறைகிறது. அதனாலேயே நூல் அறுந்தால் தாங்க வேறு ஆள் இல்லை. அவர் சொன்ன வைத்தியம் வேறொரு நோயாளிக்கு உரியது.

இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தும் வாயைத் திறந்து சொல்லத் தைரியம் வரவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் ஆட்டோ லேப் சாருக்கு போன் செய்தேன். திட்டுவாரோ என்று பயம். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வெளியே புடைச்சிருக்கா, உள்ளே குழிஞ்சிருக்கா?"

இந்தக் கேள்வியை எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரேடியல் டயரின் பக்கவாட்டில் சில சமயம் மேலிருந்து கீழாக லேசான பள்ளக் கோடு ஒன்று தெரியும். தயாரிக்கும்போது நூல் துணியின் இரண்டு முனைகளும் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டுகிற இடம் அது. அங்கே நூல் இரட்டையாக இருப்பதால் மற்ற இடத்தைவிடக் குறைவாக உப்புகிறது. அது கோளாறு இல்லை. வெளியே புடைப்பதுதான் ஆபத்து.

"வெளியேதான் சார்" என்றேன். "அப்போ கழட்டிடச் சொல்லு. வேற பேச்சு இல்ல" என்று வைத்துவிட்டார்.

பஞ்சர் ஆனால் எல்லா டயரையும் தூக்கிப்போட வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ரோட்டில் படுகிற பாகத்தின் நடுவில் ஆணி ஏறியிருக்கிறது, ஓட்டை 6 மி.மீ.க்குள் இருக்கிறது என்றால் தாராளமாக ஒட்டலாம். எப்படி ஒட்டுவது என்பதில்தான் விஷயம். நம் ஊரில் வெளியே இருந்தே ஊசியால் ஒரு ஸ்ட்ரிப்பைக் குத்தி அஞ்சு நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள். அவசரத்துக்கு அது சரி. முறையான வழி, டயரை ரிம்மில் இருந்து கழட்டி உள்ளே பார்த்து, ஓட்டையை அடைத்து, உட்புறமும் பேட்ச் வைப்பது. காளான் மாதிரி இருக்கும், மஷ்ரூம் பேட்ச் என்பார்கள். ஓட்டை வழியாகத் தண்ணீர் போனால் எஃகுப் பட்டை துருப்பிடித்து, நாளடைவில் மேல் ரப்பர் பிரிந்துவிடும். அதற்காகத்தான் இவ்வளவும்.

கழட்டிப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. காத்து இறங்கியது தெரியாமல் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால், பக்கவாட்டின் உட்புறம் தேய்ந்து கறுப்புத் தூள் உதிர்ந்து கிடக்கும். வெளியே பார்த்தால் ஒரு சின்ன ஆணி ஓட்டைதான் தெரியும். உள்ளே நூல் வெந்து போயிருக்கும். அந்த டயருக்குப் பஞ்சர் ஒட்டுவது வீண். பக்கவாட்டிலோ, பக்கவாட்டை ஒட்டிய தோள் பகுதியிலோ ஓட்டை என்றாலும் ஒட்டக்கூடாது. வெட்டுக்காயத்தில் நூலோ கம்பியோ கண்ணுக்குத் தெரிந்தால் சட்டப்படியே அந்த டயர் ஓடக்கூடாது. 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-வது விதி இதைத்தான் சொல்கிறது. தேய்மானத்துக்கும் அதிலேயே அளவு உண்டு. காருக்கு டிரெட் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது. டூ வீலருக்கு 0.8 மி.மீ. ஸ்கேல் வைத்து அளக்க வேண்டாம். டிரெட் பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். டிரெட் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் முடிந்தது.

மறுபடி மாமா வீட்டுக்கு வருவோம். "சரி, கழட்டிடலாம். ஸ்டெப்னிய மாட்டிக்கிட்டு சேலம் போயிட்டு வந்துடுறேன். மீதிய அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் மாமா. (ஸ்டெப்னி என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது தெரியுமா? வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒரு தெரு. 1904-ல் அங்கே இருந்த கம்பெனி ஒன்று உபரிச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தது. அந்தத் தெருவின் பெயரைத்தான் தர்மபுரியில் நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.)

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை வெளியே எடுத்தேன். டிரெட் புத்தம் புதுசு. மாமா முகத்தில் சிரிப்பு. நான் டார்ச் அடித்துப் பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணைத் தேடினேன். ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் இருக்கும். பல டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், அதனால் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். 2315 என்று இருந்தது. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2015-ம் வருடம் 23-வது வாரத்தில் செய்த டயர். ஒன்பது வருஷம் தாண்டிவிட்டது. ஓடாமலே கிழவனான டயர். விரலால் அமுக்கி வளைத்தபோது பக்கவாட்டில் தலைமுடி மாதிரி வெடிப்புகள் தெரிந்தன. ரப்பர் ஓடினால்தான் கெடும் என்பது இல்லை, வெயிலும் காற்றில் உள்ள ஆக்ஸிஜனும் ஓசோனும் போதும். அஞ்சு வருஷத்துக்கு மேல் ஆன டயரை வருஷத்துக்கு ஒரு தடவை சோதிக்க வேண்டும், பத்து வருஷம் ஆனால் டிரெட் இருந்தாலும் கழட்டிவிட வேண்டும் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. பல கார் கம்பெனிகள் ஆறு வருஷத்திலேயே மாற்றச் சொல்கின்றன. அஞ்சு பேரை ஏற்றிக்கொண்டு தொப்பூர் இறங்க அதை நம்ப எனக்கு மனசு வரவில்லை.

மாமா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அத்தை உள்ளே இருந்து, "கேக்கக்கூடாத ஆள்கிட்ட கேட்டீங்க, இப்ப அனுபவிங்க" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்த வாரம் வீட்டில் இருந்த பணம் என் காலேஜ் ஃபீஸின் இரண்டாவது தவணை.

டவுனில் டயர் கடை மூட அரை மணி நேரம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். புது டயர் ஒன்று 4,600 ரூபாய் என்றார்கள். மாமா, "பழசு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். ஒரு பையன் 1,300 ரூபாய்க்கு ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தான். பளபளவென்று கறுப்பு மை பூசியிருந்தது, டிரெட் ஆழமாக இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். பள்ளத்துக்குள் இருக்க வேண்டிய மேடுகள் ஒன்றுகூட இல்லை. மொட்டை டயரை எடுத்து, சூடான பிளேடால் பள்ளம் வெட்டி, மை பூசி நிறுத்தியிருக்கிறார்கள். நூலுக்கு மேல் இருந்த கொஞ்சம் ரப்பரையும் செதுக்கி எடுத்த டயர் அது. நான் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவருக்கே புரிந்துவிட்டது.

அடுத்த கேள்வி, ஒன்றா, இரண்டா? வலது முன் டயரில் டிரெட் சுமார் 3 மி.மீ. இருந்தது. புது டயரில் ஏறக்குறைய 8 மி.மீ. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்று மாட்டினால் விட்டத்தில் 10 மி.மீ. வித்தியாசம் வரும். சின்ன டயர் கிலோமீட்டருக்கு எட்டு சுற்று கூடச் சுற்ற வேண்டும். நேர் ரோட்டிலும் டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும், ஈரத்தில் பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதனால் ஒரு அச்சில் இரண்டும் ஜோடியாக இருப்பது நல்லது. நாலும் நல்ல நிலையில், கொஞ்சமாகத் தேய்ந்திருந்தால் ஒன்று மட்டும் வாங்கலாம். எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இரண்டு வாங்கினோம். 9,200 ரூபாய். எண்ணிக் கொடுத்தபோது மாமா என்னைப் பார்க்கவில்லை.

புது டயரை எங்கே மாட்டுவது என்பதில் இன்னொரு சண்டை. கடைப் பையன் முன்னால் மாட்டப் போனான். மாமாவும், "இன்ஜின் முன்னாடி, ஸ்டீயரிங் முன்னாடி, புதுசும் முன்னாடிதான்" என்றார். நான் பின்னால் மாட்டச் சொன்னேன். ஈர ரோட்டில் முன் டயர் பிடி விட்டால் வண்டி திரும்பாமல் நேராகப் போகும். ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடி திரும்பி வர வாய்ப்பு உண்டு. பின் டயர் பிடி விட்டால் வண்டியின் பின்புறம் வீசிச் சுழன்றுவிடும், அனுபவசாலிக்கும் அதைத் திருப்பிக் கொண்டுவருவது கஷ்டம். எங்கள் பின் டயர்களில் 5 மி.மீ. இருந்தது. அவற்றை முன்னால் கொண்டுவந்து, புதுசு இரண்டையும் பின்னால் மாட்டி, 3 மி.மீ. டயரை ஸ்டெப்னியாகப் போட்டோம். ஒன்பது வருஷக் கிழவனுக்கு ஓய்வு கொடுத்தாயிற்று. இந்த விஷயத்தில் மாமா ஒத்துக்கொண்டது என் விளக்கத்தைக் கேட்டா, இல்லை நேரம் ஆகிவிட்டது என்பதாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பள்ளத்தில் இறங்கியதில் அலைன்மென்ட்டும் போயிருந்தது. அதைச் சேலம் போய்வந்த பிறகு சரி செய்தோம்.

வீங்கிய டயரைக் கடையில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். திங்கட்கிழமை அதை பஸ்ஸில் கொண்டுவந்ததற்குக் கண்டக்டர் லக்கேஜ் போட்டார், அது தனிக் கதை. லேப் சார் முன்னிலையில் நாங்கள் நாலு பேர் ஹேக்ஸா வைத்து வீக்கம் இருந்த இடத்தை வெட்டினோம். உட்படலத்தை உரித்துப் பார்த்தால், சீப்பில் பல் போன மாதிரி இரண்டு விரல் அகலத்துக்கு நூல் அறுந்து கிடந்தது. ஓரத்தில் இருந்த நூல்களும் பாதி இழை பிரிந்திருந்தன. அதை செல்போனில் படம் எடுத்து மாமாவுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

என் ஃபீஸ் தவணையை அபராதத்தோடு சேர்த்து அடுத்த மாதம் கட்டினார். பஞ்சர் கடைப் பெரியவருக்கும் அந்தப் படத்தை அவரே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். வெட்டிய துண்டு இப்போதும் எங்கள் ஆட்டோ லேப்பில், ஜன்னல் பக்கத்து ரேக்கில் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் மத்தியான இடைவேளையில் வாருங்கள், எடுத்துக் காட்டுகிறேன்.